பசுமைக் கட்டடம் சரி, அங்கே எப்படிப் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த பசுமை நகரம் சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். மொட்டை மாடியில் சோலார் தகடு, சுவரெல்லாம் கொடி, மழைநீர்த் தொட்டி, கழிவுநீரைச் சுத்தம் செய்து செடிக்கு விடும் ஏற்பாடு, வாசலில் மின்சார காருக்கு சார்ஜ் ஏற்றும் இடம் என்று ஒரு கண்ணாடி அலுவலகக் கட்டடத்தைப் பற்றி எழுத எவ்வளவு உண்டோ அவ்வளவும் எழுதியிருந்தீர்கள். எழுதியதில் தவறு கண்டுபிடிக்க நான் வரவில்லை, எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் பக்கம் முழுக்கத் தேடியும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் தினமும் காலையில் எதில் ஏறி வருகிறார்கள்? படத்தில் கட்டடத்துக்கு முன்னால் அகலமான ஒரு சாலையும் அதற்கு அந்தப் பக்கம் வெட்டவெளியும்தான் தெரிந்தன. பஸ் நிறுத்தம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

இதை இவ்வளவு குறிப்பாகக் கேட்கக் காரணம் இருக்கிறது. நான் ஒரு கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். மேசை நாற்காலி, லிஃப்ட், ஏசி, துப்புரவு, பார்க்கிங் எல்லாம் எங்கள் தலையில்தான். எங்கள் அலுவலகம் அப்போது நகரத்தின் நடுவே ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தது. கொண்டாடும்படி அதில் ஒன்றும் கிடையாது. படிக்கட்டின் ஓரமெல்லாம் தேய்ந்து கிடக்கும், ஒரு ஜன்னலை மூடினால் இன்னொன்று திறந்துகொள்ளும், ஏசி பாதி நாள் வேலை செய்யாது. ஆனால் வாசலை விட்டு இறங்கினால் பஸ் நிறுத்தம், பத்து நிமிடம் நடந்தால் ரயில் நிலையம். முந்நூற்றுச் சொச்சம் பேர் வேலை பார்த்த இடத்தில் முப்பது கார் நிறுத்தத்தான் இடம், அதிலும் பத்து எப்போதும் காலியாக இருக்கும். அந்த நெரிசலுக்குள் காரை எடுத்துக்கொண்டு வர யாருக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான் விஷயம். சுற்றுச்சூழல் மீது எங்களுக்கு அப்படி ஒன்றும் தனிப் பாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

பிறகு ஒருநாள் அலுவலகம் மாறுகிறது என்றார்கள். நகரத்துக்கு வெளியே, புறவழிச் சாலையை ஒட்டி, பசுமைச் சான்றிதழ் (ஒவ்வொரு வசதிக்கும் புள்ளி போட்டுக் கொடுப்பார்களே, அது) வாங்கிய புத்தம்புதுக் கட்டடம். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போன முதல் வாரம் எல்லோரும் குழாயைத் திறந்து திறந்து பார்த்தோம், கை நீட்டினால் மட்டும் நூல் மாதிரி தண்ணீர் வரும் குழாய் அது. ஆள் அசைந்தால் எரியும் விளக்கு இருந்தது, அசையாவிட்டால் அணைந்துவிடும். கணக்குப் பிரிவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருட்டில் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சதுர அடிக்கு மின்சாரச் செலவு நிஜமாகவே குறைந்தது. அந்த பில்லைச் சரிபார்த்தவன் நான், அதனால் தைரியமாகச் சொல்வேன்.

ஆனால் பார்க்கிங் அட்டை கொடுத்தவனும் நான்தானே. முதல் மாதம் 120 அட்டை கொடுத்தேன். ஆறு மாதத்தில் அது 200ஐத் தாண்டிவிட்டது. காரணத்தைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. நகரத்திலிருந்து வரும் பஸ் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே திரும்பிவிடும், மீதி தூரம் நடைபாதையே இல்லாத நெடுஞ்சாலை ஓரம், லாரி உரசிக்கொண்டு போகும். கம்பெனி பஸ் இரண்டு விட்டார்கள், அது சாயங்காலம் ஆறு மணிக்குச் சரியாகக் கிளம்பிவிடும், வேலை முடிவதோ ஆறரைக்கு மேல், ஆகவே அது பெரும்பாலும் காலியாகவே போய்க்கொண்டிருந்தது. சைக்கிளில் வந்த நாலைந்து பேரும் ஒரு மாதம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். சைக்கிள் நிறுத்த இடம் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போட்டிருந்தார்கள், அதற்கும் சான்றிதழில் ஒரு புள்ளி கிடைத்தது. வாசலுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏற்றும் வசதியோடு இருந்த ஐந்து இடங்களும் மேலதிகாரிகளுக்குப் போயின. என்னுடன் வேலை பார்த்த இரண்டு பெண்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூப்பிட நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்று வேலையையே விட்டுவிட்டார்கள். பதினாறு வருடம் பஸ்ஸிலேயே வந்து போன நானும் கடைசியில் கடன் போட்டு ஒரு கார் வாங்கினேன். அடுத்த வருடம் இடம் போதாமல் பக்கத்து மனையை வாடகைக்கு எடுத்து, அங்கே நின்ற மரங்களை வெட்டி, ஜல்லி கொட்டி இன்னும் எண்பது வண்டி நிற்க வழி செய்தோம். அந்த வேலைக்கு ஆர்டர் போட்டதும் நான்தான். அதே வருடம் கம்பெனிக்குச் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது, அந்த மேடையில் கைதட்டியவர்களில் நானும் உண்டு.

விருது கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த தாளில் இதெல்லாம் இல்லை. இந்தத் தாள் எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, உள்ளே இருப்பவர்களும் பேச மாட்டார்கள். கம்பெனிகளின் கார்பன் கணக்குக்கு, அதாவது புவியைச் சூடாக்கும் வாயுவை எவ்வளவு வெளியேற்றுகிறார்கள் என்ற கணக்குக்கு, உலகம் முழுக்கப் பெரும்பாலும் பின்பற்றுவது ஜிஎச்ஜி புரோட்டோகால் என்ற விதிமுறைத் தொகுப்பைத்தான், அது முதலில் வந்தது 2001ல். அதில் மூன்று வட்டம் போட்டிருக்கிறார்கள். கம்பெனி தானே எரிக்கும் எரிபொருள் முதல் வட்டம். வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்றதெல்லாம், அதாவது வாங்கும் பொருள், விற்ற பொருளை ஜனங்கள் பயன்படுத்துவது, சரக்குப் போக்குவரத்து, விமானப் பயணம் எல்லாம் மூன்றாவது, ஸ்கோப் 3 என்பார்கள். 2011ல் இந்த மூன்றாவது வட்டத்தைப் பதினைந்து வகையாகப் பிரித்துத் தனி விதிமுறையே கொண்டுவந்தார்கள். அதில் ஏழாவது வகை, ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோகும் பயணம். ஆக, தலைப்பு இருக்கிறது, யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் முதல் இரண்டு வட்டமும் கட்டாயம், மூன்றாவது அவரவர் விருப்பம் என்றுதான் அடிப்படை விதியே இருக்கிறது. எது சொந்த விருப்பமோ அது எந்த அலுவலகத்திலும் என்ன கதி ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் இடத்தில் ஒரு வருடம் அதையும் சேர்க்கலாம் என்று யாரோ உற்சாகப்பட்டு எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்கள். பதில் போட்டவர்கள் சொற்பம், அவர்களிலும் பாதிப் பேர் பஸ்ஸில் வருகிறவர்கள், ஏனென்றால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவர்களிடம்தான் ஏதோ இருந்தது. அதையே சராசரியாக எடுத்து எல்லோருக்கும் பெருக்கிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்க்கிங்கில் நின்ற இருநூறு வண்டியை எக்செல் தாளில் மறைத்ததை நேரிலேயே பார்த்தேன்.

இடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுக் கட்டடம் என்றால் புது சிமென்ட். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் சூளைக்குப் போடும் எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அந்தக் கல்லே வெளியே விடுகிற வாயு அது. ஆகவே சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு அப்படியே இருக்கும். ஏற்கெனவே கட்டி நிற்கிற பழைய கட்டடத்துக்கு அந்தக் கடனை எப்போதோ கொடுத்தாகிவிட்டது. எங்கள் பழைய அலுவலகத்தின் ஜன்னலை மாற்றி, ஏசியை மாற்றி, மாடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். பழைய கட்டடத்துக்கு விருது கிடைக்காது என்று வேடிக்கையாகப் பதில் வந்தது. அது வேடிக்கை இல்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இதைச் சொன்னதும் பலரும் உடனே சொல்கிற பதில் ஒன்று உண்டு: எல்லா வண்டியும் மின்சார வண்டியாகிவிடும், அப்புறம் யார் எங்கிருந்து எதில் வந்தால் என்ன? மின்சார காருக்கு நான் எதிரி இல்லை. புகை இல்லை, சத்தம் குறைவு, ஒரே ஆற்றலில் பெட்ரோல் காரைவிட மிக அதிக தூரம் போகும், இதெல்லாம் உண்மை. 2015ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை வைத்திருந்தது வெளிவந்த பிறகு, சுத்தமான டீசல் என்ற பேச்சை நம்பியவர்களுக்கெல்லாம் மின்சாரம்தான் போக்கிடம். ஆனால் மின்சார காரும் பெட்ரோல் கார் அளவுக்கே நீளம், பாட்டரியால் அதைவிட எடை கூடுதல். டயர் தேய்ந்து பறக்கும் தூள் அதிலும் உண்டு. ஒன்றரை டன், இரண்டு டன் இரும்பை ஒரே ஒரு ஆள் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்து, எட்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, திரும்ப இழுத்துக்கொண்டு போகிற ஏற்பாட்டை அது மாற்றவே மாற்றாது.

சாலை இடம் என்பதுதான் நகரத்தில் நிஜமான தட்டுப்பாடு. அமெரிக்காவில் நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் தேசிய சங்கம் வெளியிட்ட ஒரு வழிகாட்டியில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் தனியார் வண்டிகள் மட்டும் ஓடினால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் போகலாம். அதே அகலத்தைப் பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். சைக்கிளுக்குத் தடுப்பு வைத்துக் கொடுத்தால் 7,500, நடைபாதையாக்கினால் 9,000. என்ஜினை மாற்றுவதால் இந்த 1,600 என்பது 1,601 கூட ஆகாது. சீனாவில் ஷென்சென் நகரம் எதை முதலில் மின்சாரமாக்குவது என்று யோசித்தபோது பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தது, 2017 முடிவதற்குள் 16,000க்கும் மேற்பட்ட பஸ்களை முழுக்க மாற்றிவிட்டார்கள். என் கணக்கில் அதுதான் சரியான வரிசை.

சாலையை அகலப்படுத்தினால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு, எங்கள் கட்டடத்துக்கு முன்னாலும் அதைத்தான் செய்தார்கள். இதற்கு ஒரு பெரிய பரிசோதனையை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் தன் செலவில் செய்து முடித்துவிட்டது. அங்கே கேட்டி ஃப்ரீவே என்ற சாலையை 2008ல் அகலப்படுத்தி முடித்தார்கள், பக்கவாட்டுச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். 2011க்கும் 2014க்கும் இடையில் மட்டும் மாலை நெரிசல் நேரத்தில் பயண நேரம் பாதிக்கும் மேல் கூடியது. அகலமான சாலை கிடைத்ததும் ஜனங்கள் இன்னும் தள்ளி வீடு வாங்கினார்கள், கம்பெனிகள் இன்னும் தள்ளி இடம் பிடித்தன, சாலை நிரம்பிவிட்டது. ஆன்டனி டவுன்ஸ் என்ற பொருளாதார நிபுணர் 1962லேயே சொல்லிவிட்டார், நகர விரைவுச் சாலையில் நெரிசல் நேரக் கூட்டம் சாலையின் கொள்ளளவு எதுவோ அதுவரை வளர்ந்துகொண்டே போகும் என்று. இதற்கு நேர் எதிரான காரியத்தைத் தென்கொரியாவின் சியோல் நகரம் செய்தது. நாளுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வண்டி ஓடிக்கொண்டிருந்த மேம்பாலச் சாலையை 2003ல் இடிக்க ஆரம்பித்து, அடியில் மூடிக் கிடந்த சியோங்கேசியோன் ஓடையை 2005ல் திறந்துவிட்டது. நகரம் ஸ்தம்பித்துவிடும் என்று பயமுறுத்தினார்கள், ஸ்தம்பிக்கவில்லை. ஆனால் நடுவில் 2004ல் பஸ் தடங்களையும் கட்டண முறையையும் அவர்கள் மொத்தமாக மாற்றி அமைத்ததை விட்டுவிட்டு ஓடையின் அழகை மட்டும் எழுதுவது அரைக் கதை. (அந்த ஓடையில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி பம்ப் வைத்து ஏற்றுவது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், எல்லாப் பசுமைக்கும் பின்னால் ஒரு மோட்டார் இருக்கிறது போல.)

சரி, கம்பெனிகள் விஷயத்துக்கே வருகிறேன், நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வேலைக்கு வந்துபோகும் பயணத்தைக் கம்பெனியின் பொறுப்பாக ஆக்க முடியுமா என்றால் முடியும், செய்திருக்கிறார்கள். பாரிஸ் பகுதியில் 1971லிருந்து கம்பெனிகள் தாங்கள் கொடுக்கும் சம்பளத்தின் மேல் ஒரு விகிதத்தைப் பொதுப் போக்குவரத்துக்காக வரி கட்டுகின்றன, பிறகு அது மற்ற பிரெஞ்சு நகரங்களுக்கும் பரவியது. அதற்குமேல் ஊழியர் எடுக்கும் பஸ், ரயில் பாஸின் விலையில் பாதியை முதலாளி கொடுத்தாக வேண்டும். இதன் நியாயம் எளிது. பஸ்ஸும் ரயிலும் காலையில் யாருக்காக நிரம்பி வழிகின்றன? ஆள் வந்து சேர்ந்தால்தானே கம்பெனி நடக்கும்?

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரம் 2012லிருந்து வேறு வழியில் போகிறது. ஒரு கம்பெனி தன் ஆட்களுக்கு 11 அல்லது அதற்கு மேல் வண்டி நிறுத்துமிடம் வைத்திருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று நகரத்துக்குக் கட்ட வேண்டும். கம்பெனிகள் ஊரை விட்டே ஓடிவிடும் என்று அங்கேயும் பேசினார்கள். வசூலான பணத்தைப் பொது நிதியில் கரைத்துவிடாமல் டிராம் பாதைக்கும் பஸ்ஸுக்கும் போட்டார்கள், 2015ல் புதிய டிராம் தடங்கள் ஓட ஆரம்பித்தன. சில முதலாளிகள் இந்தக் கட்டணத்தை அப்படியே ஊழியர் தலையில் ஏற்றிவிட்டார்கள், அந்தக் குறையும் இதில் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது கலிஃபோர்னியாவில் 1992ல் வந்த சட்டம். அதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன், முன்பே தெரிந்திருந்தால் எங்கள் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியிருப்பேன். கம்பெனி வாடகைக்கு எடுத்த பார்க்கிங் இடத்தை ஊழியருக்கு இலவசமாகக் கொடுக்கிறதா? அப்படியானால் அந்த இடம் வேண்டாம் என்கிற ஊழியருக்கு அதன் மதிப்பைக் கையில் பணமாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். யாரையும் தடுக்கவில்லை, யாருக்கும் அபராதம் இல்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள சில வகைக் கம்பெனிகளுக்குத்தான் அது பொருந்தும், ஆனாலும் எட்டு கம்பெனிகளை எடுத்து ஆராய்ந்து பார்த்ததில் தனியாகக் காரில் வந்தவர்கள் எண்ணிக்கை 17 சதவீதம் குறைந்திருந்தது, சேர்ந்து வருகிறவர்களும் பஸ்ஸில் வருகிறவர்களும் கூடியிருந்தார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மனைக்கு மாத வாடகை, ஜல்லி, காவலாள், இரவு விளக்கு என்று எல்லாம் கணக்கில் எழுதினேன். அது அத்தனையும் காரில் வருகிறவருக்குக் கம்பெனி கொடுத்த சம்பள உயர்வு. பஸ்ஸில் வந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தவருக்கு அது கிடையாது. யாரும் அதை அப்படிப் பேசவில்லை, காரணம் பார்க்கிங் என்பது காற்று மாதிரி, இருக்கிற வரைக்கும் அதற்கு ஒரு விலை உண்டு என்றே தோன்றாது. கடைநிலை ஊழியர்கள்தான் அதிகம் பஸ்ஸில் வந்தார்கள், மேலே இருப்பவர்கள் காரில். ஆக, சம்பளம் குறைந்தவரின் பங்கை எடுத்து சம்பளம் அதிகமானவரின் காருக்கு நிழல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம், அதுவும் பசுமைக் கட்டடத்தில். இந்தக் கணக்கை நானே என் கையால் எழுதியும் இத்தனை வருடம் கண்ணில் படவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம்.

ஜப்பானில் இன்னும் கறாராக, 1962லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கார் வாங்க வேண்டுமென்றால் அதை நிறுத்தத் தெருவை விட்டு வேறு இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும். தெரு எல்லோருக்கும் பொது, உன் பொருளை வைத்துக்கொள்ளும் கிடங்கு அல்ல என்ற ஒரு நினைப்புதான் அடியில் இருக்கிறது. வேறு எந்தச் சொந்தப் பொருளையாவது, ஒரு பீரோவையோ கட்டிலையோ, ராத்திரி தெருவில் போட்டு வைத்தால் விட்டுவிடுவார்களா?

இதையெல்லாம் சொல்லும்போது வரும் எதிர்ப்புகளில் சில நியாயமானவை. முழங்கால் முடியாதவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், நள்ளிரவு ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் நர்ஸ், கருவிப் பெட்டியோடு அலையும் பிளம்பர், இவர்களையெல்லாம் பஸ்ஸில் வா என்று சொல்வது அநியாயம். சொல்லவும் வேண்டாம். மற்றவர்கள் இறங்கிவிட்டால் சாலை இவர்களுக்குத்தானே கிடைக்கும்? வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் பயணமே இல்லையே என்பதும் ஓரளவு சரி, ஆனால் வாரம் இரண்டு நாள் வந்தால் போதும் என்றதும் என்னோடு வேலை பார்த்த சிலர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வீடு பார்த்துக்கொண்டு போனதையும் பார்த்தேன், அந்த இரண்டு நாளில் முன்பு ஐந்து நாளில் ஓட்டியதற்குக் கிட்டத்தட்ட ஓட்டிவிடுகிறார்கள்.

டிக்கெட்டை இலவசமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில் மட்டும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எஸ்டோனியாவின் தாலின் நகரம் 2013ல் தன் குடிமக்களுக்குப் பஸ்ஸையும் டிராமையும் இலவசமாக்கியது. ஏறியவர்கள் கூடினார்கள், ஆனால் அவர்களில் முன்பு நடந்து போனவர்கள் நிறைய, கார்கள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. கையில் பணம் இருக்கிறவர் பஸ்ஸில் ஏறாததற்கு டிக்கெட் விலை காரணமே இல்லை. எப்போது வரும் என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கிறதே, அதுதான் காரணம். ஏழு நிமிடத்துக்கு ஒன்று வரும் என்றால் நேர அட்டவணையே பார்க்க மாட்டோம். நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒன்றைத் தவறவிட்டதும் அன்றைக்கே கார் ஷோரூமுக்குப் போன் போடத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்வதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்தில் நடு நகருக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் என்றதும் பெரும்பாலானோர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக நடத்திப் பார்த்தார்கள், வண்டி ஓட்டம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சோதனை முடிந்து கட்டணத்தை நிறுத்தியதும் நெரிசல் திரும்பி வந்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது நகர மக்களில் பெரும்பான்மை வேண்டும் என்று போட்டார்கள், 2007 ஆகஸ்டிலிருந்து நிரந்தரமாகிவிட்டது. முதலில் ஓட்டு, பிறகு சோதனை என்று வைத்திருந்தால் இது பிறந்த இடத்திலேயே செத்திருக்கும். நெதர்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏதோ சைக்கிளோடு பிறந்த நாடு என்று பேசுகிறார்கள். 1971ல் மட்டும் அங்கே சாலையில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் நூற்றுக்கணக்கில் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிச் சண்டை போட்டார்கள், 1973ல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது, அதற்குப் பிறகு போட்ட தடங்கள்தான் இன்று படத்தில் நாம் பார்ப்பவை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அடுத்த தடவை ஒரு பசுமைக் கட்டடத்தைப் பற்றியோ பசுமைக் கம்பெனியைப் பற்றியோ எழுதும்போது மூன்றே விவரத்தை வாங்கிப் போடுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் சொந்த வண்டி இல்லாமல் வருகிறார்கள்? பக்கத்து பஸ் நிறுத்தம் எத்தனை மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து நடந்து வர நடைபாதை உண்டா? கடைசி ஷிஃப்ட் முடிந்த பிறகு ஒரு பஸ்ஸாவது இருக்கிறதா? சோலார் தகடு எத்தனை கிலோவாட் என்று சொல்லத் தெரிந்த மக்கள் தொடர்பு அதிகாரிக்கு இது தெரியாமல் போகாது. தெரியவில்லை என்று அவர் சொன்னால் அந்தப் பதிலையே அப்படியே அச்சில் போடுங்கள். கட்டடத்தைப் படம் எடுக்கப் போகும் உங்கள் புகைப்படக்காரரை ஒரு தடவை பஸ்ஸில் அனுப்பிப் பாருங்கள், எந்த இடத்தில் இறங்கி எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை அவரே சொல்லிவிடுவார்.

இன்னொன்று. உங்கள் அலுவலகமும் சமீபத்தில் புதிய இடத்துக்கு மாறியதாக உங்கள் பத்திரிகையிலேயே பார்த்தேன், வாழ்த்துகள். அங்கே பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது?

இப்படிக்கு,
பார்க்கிங் அட்டை கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு வாசகன்